கடலில்லா நாட்டில் உப்பு

கேள்வி: எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, உப்பு விளைகிறது. கடலே இல்லாத மாலி நாட்டுக்காரர்கள் உப்புக்கு எங்கே போவார்கள்?
– உப்பளத் தொழிலாளி, மரக்காணம்

பதில்: பாலைவனத்துக்கு! வடக்கே சகாராவில், தௌதென்னியில், என்றோ வற்றிப்போன ஏரியின் அடியில் உப்பு பாறையாகக் கிடக்கிறது. நீங்கள் பாத்தியில் வாருவதை அவர்கள் தோண்டி, பலகை பலகையாக வெட்டி எடுக்கிறார்கள். ஒட்டக முதுகில் ஏறி, 650 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வந்தால் திம்பக்து சந்தை. இப்போது லாரியும் ஓடுகிறது. மரக்காணத்தில் ஐப்பசி மழை பிடித்தால் தொழில் படுத்துவிடும். அங்கே அந்தக் கவலை இல்லை, குடிதண்ணீர்க் கவலைதான்.

பரப்பில் மாலி தமிழ்நாட்டைப்போல ஒன்பது மடங்கு. ஜனத்தொகையோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பாலோர் தெற்கிலும் நைஜர் ஆற்றங்கரையிலும்தான். ஏற்றுமதியில் தங்கம் முதலிடம். 1324-ல் மெக்கா யாத்திரை போன மாலி மன்னர் மன்சா மூசா கெய்ரோவில் வாரி இறைத்ததில், அங்கே தங்கம் விலையே சரிந்ததாம். (நம் நகைக்கடை வீதிக்கு ஒருமுறை வரக் கூடாதா?) ஏற்றுமதியில் அடுத்தது பருத்தி. அதைக் கப்பலேற்ற டக்கார், அபிஜான் என்று அடுத்த நாட்டுத் துறைமுகங்களை நம்ப வேண்டும்.

அரசாங்கமா? 2020 ஆகஸ்ட்டில் ஒரு ராணுவப் புரட்சி, 2021 மே மாதம் இன்னொன்று. ஓட்டே இல்லாமல் ஆட்சி மாறியதில், விரலில் வைக்கும் மை மட்டும் மிச்சம்.