குடத்துக்குள் விழாத பெயர்கள்

கே: சமூகவியல் என்கிறார்களே, ஊருக்கே தெரிந்ததைப் பெரிய வார்த்தையில் சொல்வதுதானே அது?
*மானாம்பதி வாசகர்*

ப: ஊருக்கே தெரிந்தது பல சமயம் தப்பாக இருக்கிறதே! ஒரு பையன் வேலையில்லாமல் திரிந்தால் அவனைச் சோம்பேறி என்று சொல்லிப் பார்க்கலாம். அதே தெருவில் இருபது பையன்கள் திரிந்தால், திட்டுவதை விட்டுவிட்டு விசாரிக்க வேண்டும். ஏரித் தண்ணீர் எத்தனை போகத்துக்கு வருகிறது? ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் நிரந்தர வேலை கிடைக்கிறதா, கான்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்களா? 1959இல் சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வேலையின்மையைக் காட்டித்தான் இந்த வித்தியாசத்தை விளக்கினார். ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் அவனைப் பாருங்கள், ஒரு கூட்டத்துக்கே இல்லையென்றால் நாட்டைப் பாருங்கள் என்பது அவர் கட்சி.

கே: ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை கண்டது நம் உத்திரமேரூர். அந்த நேர்மை இப்போது எங்கே போனது?
*திருப்புலிவனம் வாசகர்*

ப: வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் நேர்மையும் இருக்கிறது, நேர்மைக் குறைவும் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இல் தேர்தல் விதிகளை வெட்டினார்கள். 921இலேயே அவற்றைத் திருத்த வேண்டி வந்தது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பதுதான் குடவோலை. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவரோடு விடவில்லை. மாமன், மச்சான், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று உறவுமுறை சொல்லி ஒவ்வொருவராக விலக்கியிருக்கிறார்கள். ஒருவர் தின்றது எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று தெரியாதவர்களா இப்படி எழுதுவார்கள்? முந்தைய மூன்று வருஷத்தில் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. ஓலையை எடுக்க ஒரு சிறுவனை நிறுத்தினார்கள். மனிதரின் நல்ல குணத்தை நம்பாமல் நல்ல ஏற்பாட்டை நம்பினார்கள். இதற்காக நாம் பெருமைப்படலாம், நானும் படுகிறேன்.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் விழ முடியாது என்றும் பாருங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரை வயது, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை, பிராமண நிலக்காரர்களின் சபை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் எடுத்தார்கள். ஏரியில் மண் வெட்டிச் சுமந்தவர் அந்த ஆறில் ஒருவராக வரவே வழியில்லை. பெண்களுக்கும் இல்லை. கல்வெட்டைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: பெண் தலைவர் வந்தும் என்ன? கூட்டத்தில் பேசுவது அவர் வீட்டுக்காரர்தானே?
*சாலவாக்கம் வாசகி*

ப: பல ஊர்களில் உண்மை. அதற்காக இடஒதுக்கீடே வீண் என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல்தான் சட்டம் வந்தது. மேற்கு வங்கத்துப் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயும், பின்னாளில் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்தார்கள். பெண் தலைவர் இருந்த பஞ்சாயத்துகளில் குடிதண்ணீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. குடம் சுமந்தவருக்குத்தானே குழாயின் அருமை தெரியும்! உங்கள் ஊர்க் கூட்டத்தில் தலைவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பார்த்தே கேள்வி கேளுங்கள் அம்மா. வீட்டுக்காரர் பதில் சொன்னால், தலைவர் சொல்லட்டும் என்று காத்திருங்கள்.

கே: மொய் என்பது அன்பா, கடனா?
*பெருநகர் வாசகர்*

ப: இரண்டும். கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும் என்ற மூன்று கட்டாயங்களை மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1925இல் உலகமெங்கும் உள்ள அன்பளிப்புகளில் கண்டு எழுதினார். நம் மொய் நோட்டு அதைப் பேரும் ஊரும் தொகையுமாகக் காட்டுகிறது. பேங்க் கடன் தராத வீட்டுக்கும் கல்யாணச் செலவுக்குக் கைகொடுப்பது அதுதான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்யாணமே இல்லாமல் மொய் விருந்தே வைக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. பிள்ளை இல்லாத வீடு வருஷமெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறது, திரும்பி வர விசேஷம் இல்லை. அந்த வீட்டுக்கு நீங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துப் போய்ச் செய்யுங்கள்.

கே: பக்கத்து வீட்டில் ஸ்கூட்டர் வாங்கினால் எனக்கு ஏன் தூக்கம் போகிறது?
*உத்திரமேரூர் வாசகி*

ப: கோடீஸ்வரர் விமானம் வாங்கினால் போகிறதா? போகாது. நாம் நம்மைப் பக்கத்தில் இருப்பவரோடுதான் அளக்கிறோம். அது உங்கள் ஒருவரின் குணக்கேடு இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

கே: சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியும் வேலை கிடைக்கவில்லையே?
*களியாம்பூண்டி வாசகர்*

ப: அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். எப்போதாவது பார்ப்பவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் சேதி வந்திருக்கிறது. கூடப் படித்தவர், பஸ்ஸில் பழகியவர் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். ஆனால் டீக்கடையும் கோயிலும் தெருவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், காலனிப் பையனுக்கு இந்த அறிமுகங்களே கிடைப்பதில்லை. கம்பெனிக்கு ஆள் எடுக்கும் சேதி மேலத்தெருவோடு நின்றுவிடுகிறது. அதை எல்லாரும் பார்க்கும்படி பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். காலனியில் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.