ஸ்டென்சில் இருக்கப் பயமேன்?

வரையத் தெரியாதவர்களுக்கென்றே படைக்கப்பட்ட பொருள் ஸ்டென்சில் என்று கைவினைச் சாமான் விற்கும் கடைகளில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. பிளாஸ்டிக் தாளில் மயிலோ மாங்காயோ மலர்க்கொடியோ வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அதைப் பலகையின் மேல் வைத்து, பெயிண்டை ஒற்றி, தாளைத் தூக்கினால் மயில் தயார். முருகன் படத்துக்குக் கீழே எழுதும் அபய வாசகத்தை அந்த உறையின் மேலும் அச்சிட்டால் கடைக்காரர் ஆட்சேபிக்க மாட்டார். எதிர்த்திசையில், முறையாக ஓவியம் பயின்றவர்கள் நிற்கிறார்கள். ‘அச்சை வைத்து அப்புவதெல்லாம் ஒரு கலையா? யார் வேண்டுமானாலும் செய்யலாமே!’ என்பது அவர்கள் கட்சி. விற்கிறவரும் வெறுக்கிறவரும் ஒரே ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள்: இது சுலபமான வேலை. இருவரும் சறுக்குவது அங்கேதான். ஸ்டென்சில் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வது கோடு போடும் பொறுப்பை மட்டுமே. கெடுக்கும் அதிகாரத்தில் அது கை வைப்பதே இல்லை. என்னைக் கேட்டால், ஒன்று கைவேலையா இல்லையா என்று தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: அதைக் கெடுக்க முடியுமா? முடியும் என்றால் அது கைவேலைதான். இந்தக் கணக்கில் பார்த்தால், பெயிண்ட், ஸ்டென்சில், ஸ்டாம்பு, கோந்து, கிழித்த காகிதம் எல்லாவற்றையும் ஒரே பலகையில் கூட்டி வைக்கும் மிக்ஸட் மீடியாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும்.

சந்தேகமுள்ளவர்கள் ஒரே ஒரு மயிலை ஒற்றிப் பார்க்கட்டும். அக்ரிலிக் பெயிண்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்களும் நிறமும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். அப்புறம் எந்தத் தண்ணீருக்கும் கரையாது. பாதிச் சங்கடங்கள் இந்த ஒரு குணத்திலிருந்து பிறக்கின்றன. பெயிண்டில் ஈரம் கூடினால், ஸ்டென்சிலுக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளிக்குள் அது தானாகவே ஊறிப் பரவும். மயிலின் கால்விரல்களுக்கிடையே சவ்வு முளைத்து அது வாத்து வம்சத்தில் சேர்ந்துவிடும். ஈரம் குறைந்தால் ஸ்பாஞ்சிலேயே காய்ந்து, மயிலுக்குச் சொறி பிடித்த தோற்றம் வரும். ஆகவே, தொட்ட பெயிண்டை முதலில் செய்தித்தாளில் ஒற்றி ஒற்றி, ‘இனி இதில் என்ன மிச்சமிருக்கிறது’ என்று தோன்றுகிற வரை தீர்த்துவிட்டுத்தான் பலகைப் பக்கம் வர வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ஸ்டென்சிலின் மெல்லிய விளிம்பு தூக்கிக்கொண்டு பெயிண்டுக்கு வழிவிடும். செங்குத்தாக, மெதுவாக ஒற்ற வேண்டும். நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்க வேண்டும். இவ்வளவையும் முறையாகச் செய்தவருக்குத்தான் கடைசிச் சோதனை வருகிறது: ஒரு மூலையை மட்டும் தூக்கி, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை. பார்த்துவிட்டு மறுபடி வைக்கும்போது தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், மயிலுக்கு இரண்டு கழுத்து. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று சொன்ன மகான் ஸ்டென்சில் பிடித்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் விஷயம் தெரிந்தவர். அடுத்த மயிலுக்குப் போகுமுன் ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைத் துடைக்க மறந்தால், முந்தைய மயிலின் பாவம் புதிய மயிலின் தலையில் விடியும்.

எழுத்தில் இறங்கினால் இன்னும் சிரமம். வெட்டிய தாளில் மூடிய வட்டம் எதுவும் நிற்காது. நடுவிலிருக்கும் தீவு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்கக் குறுக்கே ஒரு பாலம் விட்டாக வேண்டும். ஸ்டென்சிலால் எழுதிய 0, 8 போன்ற எண்கள் அங்கங்கே அறுந்து காணப்படுவது அதனால்தான். ஆங்கிலத்துக்கு ஒரு கைப்பிடி எழுத்தோடு தொல்லை முடிந்தது. தமிழுக்கோ சுழியில்லாமல் பொழுது விடியாது. இரண்டு சுழி, மூன்று சுழி என்று பள்ளிக்கூடத்தில் பிரித்தறிந்ததே பெரும்பாடு. ஸ்டென்சில் வெட்டுகிறவர் மூடிய ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் கட்ட வேண்டும். கட்டாமல் ‘வணக்கம்’ என்று வெட்டி வாசற்பலகையில் ஒற்றினால், சுழிகள் எல்லாம் மை அப்பிய உருண்டைகளாகி, வருகிற விருந்தாளி அது வரவேற்பா எச்சரிக்கையா என்று புரியாமல் செருப்போடு நிற்பார். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றுதான் நம் கட்சி. ஒரு துளை போட்டால் முடிந்தது. புள்ளி வைத்தவர் வாழ்க.

‘சரி, கஷ்டமாகவே இருக்கட்டும். அந்த மயில் உங்களுடையது இல்லையே? வேறு யாரோ வரைந்ததுதானே?’ என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிறவர் கொஞ்சம் பின்னோக்கிப் போய்வர வேண்டும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் யாரோ கையை விரித்து வைத்து, அதைச் சுற்றி நிறத்தை ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் அதன் வடிவம் பாறையில் நின்றுவிட்டது. அதற்கு வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. அர்ஜென்டினாவின் ‘கைகளின் குகை’யில் இதே உத்தியில் நூற்றுக்கணக்கான கைகள் இருக்கின்றன. பெரும்பாலும் இடக்கைகள்; நிறத்தை ஊதும் குழலைப் பிடிக்க வலக்கை வேண்டியிருந்தது என்பார்கள். ஒரே உத்தி, ஆனால் ஒரு கை இன்னொரு கையாக இல்லை. அன்றைக்கும் குகை வாசலில் சாய்ந்துகொண்டு, ‘கையை வைத்து ஊதுவதெல்லாம் ஒரு ஓவியமா, எங்கே, கொழுத்த விலங்காக ஒன்று வரைந்து காட்டு’ என்று கேட்ட ஒரு விமரிசகர் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். விமரிசகர்களின் கருத்து பாறையில் பதிவதில்லை, அவ்வளவுதான்.

பிற்காலத்துப் பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஜார்ஜ் பிராக் 1911இல் ‘போர்த்துகீசியர்’ என்ற ஓவியத்தில் ஸ்டென்சில் எழுத்துகளை ஒற்றினார். அவர் வீடுகளுக்கு வண்ணம் பூசும் குடும்பத்தில் பிறந்து அதே தொழிலைப் பயின்றவர். ஸ்டென்சில் அவருக்குப் பட்டறைச் சாமான். அடுத்த ஆண்டே பிக்காசோ, நாற்காலியின் பிரம்புப் பின்னலை வரைய மெனக்கெடாமல், அந்தப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை எடுத்து ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைக் கட்டிவிட்டார். பாரிஸில் செய்தால் கியூபிசம். பல்லாவரத்தில் செய்தால் ‘பொழுது போகவில்லையா?’ 1947இல் வந்த மத்தீஸின் ‘ஜாஸ்’ புத்தகத்தின் கதை இன்னும் ருசியானது. அதன் 20 படங்களும் ஸ்டென்சில் வைத்து அச்சானவை. அவர் கத்தரித்து ஒட்டிய வண்ணத்தாள்களின் வடிவத்தை அப்படியே ஸ்டென்சிலாக வெட்டி, அவர் பயன்படுத்திய அதே வண்ணங்களைப் பூசினார்கள். உலகம் கொண்டாடுகிறது, மத்தீஸுக்கு மட்டும் திருப்தியில்லை. தாளைக் கத்தரித்தபோது இருந்த உயிர்ப்பு அச்சுக்குப் போனதும் காணாமல் போய்விட்டது என்று நண்பருக்குக் கடிதம் எழுதிக் குறைப்பட்டுக்கொண்டார். ஸ்டென்சிலின் எதிரிகள் உடனே அவரைத் தங்கள் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவார்கள். ஏற்றட்டும், குறுக்கு விசாரணைக்கு நான் தயார். வடிவம் அதே, வண்ணம் அதே, பூசியவர்கள் தேர்ந்த தொழிலாளர்கள். இத்தனைக்கும் பிறகு ஏதோ குறைகிறது என்றால், வடிவம் கையில் இருப்பதால் மட்டும் வேலை முடிந்துவிடாது என்றுதானே அர்த்தம்? மத்தீஸாலேயே கெடாமல் காப்பாற்ற முடியாத ஒன்றை ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று எப்படிச் சொல்வது?

நம் ஊரில் இதே வழக்கு வாசலில் நடக்கிறது. மயிலாப்பூர் மாடவீதியில் கோலக்குழலும் துளை போட்ட கோலத்தட்டும் விற்கிறார்கள். குழலில் மாவை நிரப்பி உருட்டினால் ஒரே இழுப்பில் பார்டர் விழும். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறவர்கள் இதைப் பார்த்தால் உதட்டைச் சுழிப்பார்கள். கைமுறுக்குச் சுற்றத் தெரிந்தவர் முறுக்கு உழக்கைப் பார்க்கும் பார்வை அது. ஆனாலும் உழக்கில் பிழிந்தது முறுக்கே இல்லை என்று யாரும் தட்டிலிருந்து ஒதுக்கியதாகத் தெரியவில்லை. குழலிலும் கெடுக்க வழியுண்டு. மாவில் ஈரம் பட்டிருந்தால் துளை அடைக்கும், தரை மேடுபள்ளமாக இருந்தால் பார்டர் பல்லிளிக்கும், இழுக்கிற கை தயங்கினால் நடுவில் மாவு கொட்டிக் குவியும். ஆக, கோலக்குழல் என் தேர்வில் பாஸ். பாஸாகாதது ஸ்டிக்கர் கோலம். அதை உரித்து ஒட்டலாம், கோணலாகக்கூட ஒட்டலாம், ஆனால் கோலத்தைக் கெடுக்க முடியாது. அது வாங்கிய பொருள், செய்த பொருளாகாது. ஒட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மார்கழி விடியற்காலையில் குனிந்து ஒரு இழைகூட இழுக்காதவர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, அந்த விஷயத்தில் கோபப்படும் உரிமை கிடையாது.

ஸ்டாம்பு விஷயத்தில் நம் மனோபாவம்தான் வேடிக்கை. வட்ட முத்திரை விழாத மனு இங்கே அடுத்த மேசைக்கு நகராது. சிந்துவெளிக்காரர்கள் மாவுக்கல்லில் காளையைச் செதுக்கிக் களிமண்ணில் பதித்த காலத்திலிருந்தே இந்த மண்ணுக்கு முத்திரைப் பைத்தியம் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் வாழ்த்து அட்டையில் ஸ்டாம்பு குத்தினால் மட்டும் ‘சின்னப்பிள்ளை விளையாட்டு’ என்கிறார்கள். சின்னப்பிள்ளைகள் குத்துகிற வெண்டைக்காய் ஸ்டாம்பையே எடுத்துக்கொள்வோம். குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ ஒன்று செலவில்லாமல் கிடைக்கிறது. அதைத் தாளில் ஏற்றுவதற்குத்தான் வித்தை வேண்டும். பிஞ்சாக இருந்தால் அழுத்தியதும் நசுங்கி இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெட்டிய முகத்தின் வழவழப்பைத் துணியில் ஒற்றி எடுக்காவிட்டால் பெயிண்ட் வழுக்கிக்கொண்டு போகும். பெயிண்டில் நேராக முக்கினால் பள்ளங்கள் நிரம்பிப் பூவுக்குப் பதில் வட்டம் விழும். ஸ்பாஞ்சில் பெயிண்டை ஊறவிட்டு அதில் தொட்டுத்தான் குத்த வேண்டும். சாம்பாருக்குப் போக வேண்டிய காய் வீணாகிறதே என்பவர்களுக்கு ஒரு சமாதானம்: ஸ்டாம்புக்கு ஏற்றது முற்றிய காய்தான், முற்றியதைச் சாம்பாரில் போட்டால் அதைவிடப் பெரிய வழக்கு வரும். உருளைக்கிழங்கில் பெயரைச் செதுக்க நினைப்பவர்கள் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதைக் குத்திய பிறகுதான் உணர்வார்கள். அதற்குள் கிழங்கு பொரியலுக்கும் லாயக்கில்லாமல் போயிருக்கும்.

இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலப்பது மேல்நாட்டு மோகம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. தஞ்சாவூரை ஒருமுறை பார்த்துவிட்டு அதைப் பேசலாம். பலகையின் மேல் துணி, துணியின் மேல் சுண்ணத்தூளும் கோந்தும் குழைத்த பூச்சு, அதே குழைவைக் கொண்டு புடைத்தெழும் நகைகளும் மண்டபத் தூண்களும், அவற்றில் பதித்த கண்ணாடிக் கற்கள், மேலே தங்கத் தகடு, எல்லாம் முடிந்த பிறகு வண்ணம். 2007-08இல் புவிசார் குறியீடு வாங்கிய இந்த ஓவியத்தைவிடச் சுத்தமான மிக்ஸட் மீடியா வேறென்ன? இன்று டப்பாவில் விற்கும் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சின் பழைய இத்தாலிய வடிவம் ஜிப்சமும் பசையும் குழைத்ததுதான். தஞ்சைப் பூச்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியருக்கு எங்கே கல், எங்கே தங்கம், எங்கே போதும் என்பதை மரபு சொல்லிவிடுகிறது. இன்றைய மிக்ஸட் மீடியாக்காரருக்கு ‘போதும்’ சொல்ல ஆளில்லை. மயில் நன்றாக விழுந்தவுடன் அதன் கழுத்துக்கு ஒரு லேஸ், கண்ணுக்கு ஒரு சட்டைப் பொத்தான், பின்னணியில் பழைய செய்தித்தாள், மூலையில் ஓடாத கடிகாரத்தின் சக்கரம், ஏன் என்று யாருக்கும் தெரியாத ஒரு சாவி என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் மயில் எங்கே என்று மயிலே தேடும். அப்போதும் மனம் ஆறாமல் ஜிகினாத்தூளைத் தூவுவார்கள். நுண்பிளாஸ்டிக் என்ற காரணத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் ஜிகினாத்தூள் விற்பனையைத் தடை செய்தது. வீட்டில் ஒரு டப்பா கொட்டிய அனுபவமுள்ளவர்கள், ஏன் இத்தனை தாமதம் என்றுதான் கேட்பார்கள்.

கனமான ஆட்சேபம் ஒன்று பாக்கியிருக்கிறது: இதனால் என்ன பிரயோசனம்? இதற்குப் பலரும் சொல்லும் பதில், பழைய பாட்டிலையும் டப்பாவையும் வீணாக்காமல் அழகுப் பொருளாக்குகிறோம், பூமியைக் காப்பாற்றுகிறோம் என்பது. அந்த வாதத்தை நான் எடுக்க மாட்டேன், அது நிற்காது. வெறும் கண்ணாடிப் பாட்டிலை உருக்கினால் மறுபடி பாட்டிலாகும். அக்ரிலிக்கும் எம்-சீலும் நாப்கினும் வார்னிஷும் ஏறிய பாட்டிலைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூடத் தராசில் வைக்க யோசிப்பார். சில ரூபாய் பெறும் பாட்டிலின் மேல் சில நூறு ரூபாய்ச் சாமானை ஒட்டுவதைச் சிக்கனம் என்று சொல்லவும் வாய் கூசும். பிரயோசனம் செய்கிறவருக்குத்தான். கைபேசியில் ஒரு விரல் தட்டினால் எதுவும் திரும்பி வரும், அழிந்தது மீளும், கோணல் நேராகும். காய்ந்த அக்ரிலிக் எதையும் திருப்பித் தராது. கெட்டது கெட்டதுதான் என்று ஏற்றுக்கொண்டு, அந்தக் கறையின் மேல் ஒரு வெண்டைக்காய்ப் பூவைக் குத்தி மேலே போகிற பயிற்சி இன்று வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை.

பார்க்கிறவருக்குப் பிரயோசனம் உண்டா என்றால், உண்டென்று சத்தியம் செய்ய மாட்டேன். அதனால் ஒரு விண்ணப்பம் மட்டும். செய்யுங்கள், கெடுங்கள், இரட்டைக் கழுத்து மயிலை உங்கள் வரவேற்பறையிலேயே மாட்டி வையுங்கள். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் மட்டும், தயவுசெய்து, எவர்சில்வர் பாத்திரமாகக் கொண்டுபோங்கள்.