பிராசஸர் ஆலோசகர்

சொந்தபந்தத்தில் யாராவது வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில் வெளிப்படுகிறவர் பிராசஸர் ஆலோசகர். படித்தது சிவிலாகவோ பி.காமாகவோ இருக்கும், வேலை வங்கியிலோ மின்வாரியத்திலோ. அவருடைய தகுதி ஒன்றே ஒன்று. ஒரு காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கிவந்து, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரை மாட்டியிருக்கிறார். அது ஓடவும் செய்தது.

எதற்காக வாங்குகிறீர்கள் என்ற கேள்வி அவரிடமிருந்து வராது. "மாமா, பாப்பா காலேஜ் சேர்ந்திருக்கா, ஒரு கம்ப்யூட்டர்..." என்று தங்கை மகன் இழுக்கும்போதே, "இன்டெல்தானே போடப்போற?" என்று முடித்துவிடுவார். இது கேள்வி அல்ல என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய பக்தி எந்தக் கம்பெனி மேல் என்பதை அறிய, அவர் முதல் கம்ப்யூட்டர் வாங்கிய வருடத்தைக் கேட்டால் போதும். அந்த வருடத்தோடு அவருடைய கடிகாரம் நின்றுவிடுகிறது. தொண்ணூறுகளில் வாங்கியவர் இன்டெல்காரர். 386, 486 என்று எண்களால் அழைத்தவரை ஏஎம்டியும் அதே எண்ணைப் போட்டு விற்றது. எண்ணுக்கு வணிகச் சின்ன உரிமை கிடைக்காததால் 1993இல் இன்டெல் தன் புதிய பிராசஸருக்குப் பென்டியம் என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயரில் மயங்கிய தலைமுறை இது. ‘இன்டெல் இன்சைட்’ ஸ்டிக்கரைக் கேபினட்டிலிருந்து பதமாக உரித்து, ஸ்டீல் பீரோவின் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்திருப்பார். 1994இல் அதே பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போட்டு, மாற்றிக் கொடுப்பதற்காக இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்ததைச் சொன்னால், "நாம என்ன ராக்கெட்டா விடறோம்?" என்பார்.

இவருடைய மூலமந்திரம் ‘ஏஎம்டி சூடாகும்’ என்பது. ஆதாரமில்லாத பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2001 வாக்கில் ஏஎம்டியின் அத்லான் பிராசஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேலுள்ள ஹீட்சிங்க்கை எடுத்தால், கண்மூடித் திறப்பதற்குள் புகைந்து போகும். பென்டியம் 4 அதே சோதனையில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஓடுகிற கம்ப்யூட்டரில் ஹீட்சிங்க்கைக் கழற்றும் பழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது என்பது வேறு விஷயம். 2004இல் வந்த பிரெஸ்காட் ரகப் பென்டியம் 4 சூட்டுக்கே பேர் வாங்கியது, மந்திரம் மாறவில்லை. 2022இல் வந்த ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும் என்று இன்டெல்லே அச்சடித்துக் கொடுத்தது, அப்போதும் மாறவில்லை. தன் வீட்டுக் கேபினட்டைச் சுவரோடு ஒட்டிவைத்து, தூசி படாமலிருக்கப் பூப்போட்ட துணி உறையும் போட்டு, கத்திரி வெயிலில் அதை ஓடவிட்டபடியேதான் இவர் ஏஎம்டியின் சூட்டைப் பற்றிப் பேசுவார்.

ஏஎம்டி பக்தர் வயதில் இளையவர். 2011இல் வந்த புல்டோசர் வரிசை ஏமாற்றிய காலத்தில் இந்த இனம் அருகிப்போய், 2017இல் ரைசன் வந்ததும் மறுபடி பெருகியது. மதம் மாறியவரின் வேகம் இவரிடம் உண்டு. 2014 முதல் அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் லிசா சூவைச் சொந்த அத்தையைப் போல் ‘லிசா’ என்று மட்டுமே குறிப்பிடுவார். இவருக்குப் பிடித்த விஷயம், போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட். இன்டெல் 2015இல் 1151 என்றொரு சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2017 கடைசியில் எட்டாம் தலைமுறை பிராசஸருக்கும் அதே 1151தான். ஆனாலும் பழைய போர்டில் ஓடாது என்றது. ஏஎம்டியிலோ 2017இல் வாங்கிய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 5000 வரிசை வரைக்கும் மாட்டலாம். வாதம் நியாயமானது, எதிர்த்துப் பேச முடியாதது. ஆனால் இவர் யோசனை சொன்ன எந்த வீட்டிலும் இதுவரை யாரும் பிராசஸரைக் கழற்றி மாற்றியதில்லை. மாற்றியதெல்லாம் மவுஸும் யுபிஎஸ் பேட்டரியும்தான்.

இருவரும் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டால் பாயசம் ஆறிப்போகும். இரண்டு கம்பெனிகளும் ஃபேர்சைல்டு என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள் 1968இலும் 1969இலும் தொடங்கியவை. ஐபிஎம் ஒரே ஆளை நம்பி வாங்க மறுத்ததால் 1982இல் இன்டெல்லே ஒப்பந்தம் போட்டுத் தன் சிப்பைச் செய்யும் உரிமையை ஏஎம்டிக்குக் கொடுத்தது. இன்று வீட்டு இன்டெல்லில் ஓடும் 64 பிட் முறை ஏஎம்டி வகுத்தது. இந்தப் பங்காளி உறவைப் பந்தியில் இருவருமே எடுப்பதில்லை. எடுத்தால் பேச்சு நின்றுவிடும்.

கடைக்குப் போகிற நாளில் ஆலோசகரின் சட்டைப்பையில் நாலாக மடித்த கொட்டேஷன் இருக்கும். கடைக்காரருக்கு இரண்டு கம்பெனி மேலும் பக்தி கிடையாது. ஸ்டாக் உள்ளது எதுவோ அதுவே சிறந்தது. "அது இல்ல சார், இதுல எஃப் போட்டது இருக்கு. அதே ஸ்பீடு, ரேட்டு கம்மி" என்பார். ஆலோசகர் வெற்றிப் பார்வையோடு மருமகனைத் திரும்பிப் பார்ப்பார். இந்த ஓர் எழுத்தில்தான் சங்கதி இருக்கிறது. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ வந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது. ஏஎம்டியின் 5000 வரிசையில் கணக்கு தலைகீழ். ‘ஜி’ இருந்தால்தான் உண்டு. 5600ஜி வாங்கினால் திரையில் படம் தெரியும், 5600எக்ஸ் வாங்கினால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி, கேபினட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும். மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்று சொல்லிவிட்டு அணைந்துவிடும். ஆலோசகர் ரேமைக் கழற்றி, பாப்பாவின் பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறக் கால்களைத் தேய்த்து, ஊதி, மறுபடி செருகுவார். கேபிளை மாற்றுவார். அடுத்து வீட்டு கரண்ட் மீது சந்தேகப்படுவார். சாயங்காலம் கிராபிக்ஸ் கார்டு வாங்க மீண்டும் ரிச்சி தெரு. அதன் விலை, எஃப் எழுத்தால் மிச்சமான தொகையைப் போல் சில மடங்கு.

அந்த வீட்டில் நடக்கப்போவது ஆன்லைன் வகுப்பு, அசைன்மென்ட், கொஞ்சம் டேலி, ராத்திரி தவறவிட்ட சீரியல். இதற்கு ஐ3யும் போதும், ரைசன் 3யும் போதும். பணத்தை எஸ்எஸ்டியிலும் ரேமிலும் போட்டிருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பட்ஜெட் முழுவதும் பிராசஸரில் போய்விட்டதால் பழைய ஹார்ட் டிஸ்க்கே மாட்டப்பட்டு, ஐ7 கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் காபி போட்டு வந்துவிடலாம்.

வாங்கியதிலிருந்து எல்லாக் கோளாறும் ஆலோசகர் கணக்கில் சேரும். பிரின்டர் அச்சடிக்கவில்லை, நெட் மெதுவாக வருகிறது, வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் திறக்கவில்லை என்று இரவு பத்து மணிக்கும் போன் வரும். அவரும் சளைக்காமல் எடுப்பார். "அன்னிக்கே சொன்னேன், அத்தை பேச்சைக் கேட்டு ரேமைக் குறைச்சீங்க" என்று ஆரம்பிப்பார்.

அடுத்த தடவை அந்த வீட்டார் லேப்டாப் வாங்கிவிடுகிறார்கள். அதில் பிராசஸரைக் கழற்றி மாட்ட வழியில்லை என்பதால் ஆலோசகருக்கு ஆர்வம் இல்லை. பை இலவசமாகக் கொடுத்தானா என்று மட்டும் விசாரிப்பார்.