நரைத்த தலைக்குப் பெற்றோர் கையொப்பம்

படிக்க வயது தடையில்லை என்கிறார்கள். உண்மைதான், தடையெல்லாம் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. பாதித் தலை நரைத்தவரிடமும் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்’ கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. தொலைநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த எங்கள் தெரு அக்கா அதில் பிளஸ் டூ படிக்கும் மகனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். “முதல்ல மார்க் ஷீட்டைக் காட்டும்மா, பார்த்துட்டுப் போடறேன்” என்றான். பத்து வருஷத்து வஞ்சம்!

நேரடி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. அன்று கேன்டீனுக்குப் பூட்டு, கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். பெஞ்சோ இருபது வயது இடுப்புக்கு அளவெடுத்தது. மாணவர் உதவி மையம் திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து முதல் ஐந்து. அதாவது, உதவி தேவைப்படுகிற அத்தனை பேரும் வேலையில் இருக்கும் நேரம்.

இதெல்லாம் சில்லறை. பெரிய வேடிக்கை வேறு. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை அரசு தொடங்கியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துப் பட்டப்படிப்பில் சேரலாம் என்றார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது தேறாமல் வாங்கிய அந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-இல் அரசே ஆணை போட்டது. இலை போட்டு உட்கார வைத்த பிறகு, பத்திரிகை எங்கே என்று கேட்கும் கல்யாண வீடு!

நல்லவேளை, கட்டிய ஃபீஸ் மட்டும் எந்தத் தகுதியும் பார்க்கப்படாமல் செல்லுபடியானது.