சந்தடியற்ற தீவின் லக்ஷணம்: அம்பாங்வாசி ஒருவரின் விசாரணை

விடுமுறை கிடைத்ததும் மனிதன் ஏன் தீவை நாடுகிறான் என்னும் வினா நம் சாஸ்திரங்களில் எங்கும் விசாரிக்கப்படாமல் விடுபட்டிருப்பது, முன்னோர் தீவுகளை அறியாததால் அன்று, விடுமுறையை அறியாததால் என்றே கொள்ள வேண்டும். இக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, அம்பாங்கில் முப்பது ஆண்டுகள் வசித்து, அவற்றுள் கணிசமான பகுதியை ஜாலான் அம்பாங்கின் வாகன நெரிசலில், முன்னே நிற்கும் வண்டியின் எண்பலகையை மனனம் செய்தபடியே கழித்துவிட்ட அடியேன், இச்சிறு ஆய்வைச் சமர்ப்பிக்கத் துணிகிறேன்.

முதலில் பூர்வபக்ஷம். தீவென்றால் லங்காவியே என்று சாதிப்பவர் பலர். என் மைத்துனர் அக்கட்சியின் தலைவர். 1987ஆம் ஆண்டில் சுங்கவரி விலக்குப் பெற்ற அத்தீவில் சாக்லேட்டும், பீங்கான் தட்டும், கண்ணாடிச் சட்டியும் மலிவு என்பதும், ஆகையால் போகாமலிருப்பதே நஷ்டம் என்பதும் அவர்தம் வாதம். இவ்வாதத்துக்கு இலக்கிய ஆதாரம் உண்டென்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தீவுக்குச் சென்று மீண்ட தமிழ்ப் பெண்டிருள் தலையாயவளான மணிமேகலை, புகாரின் உவவனத்தில் உறங்கிக் கிடந்தபோது தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்டு மணிபல்லவத்தில் விடப்பட்டாள். மீளும்போது அவள் கையில் இருந்தது ஒரு பாத்திரம். அத்தீவு யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்போரும், அன்று என்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனரேயன்றி, தீவிலிருந்து திரும்பும் தமிழ்ப் பெண்மணி பாத்திரமின்றித் திரும்புவதில்லை என்னும் பேருண்மையை இரு தரப்பாரும் கவனியாது விட்டமை வியப்புக்குரியது. என் மனைவி மும்முறை லங்காவி சென்று வந்ததன் பயனாக எங்கள் அடுப்படி அலமாரியில் பதினொரு கண்ணாடிச் சட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றிலும் இதுவரை உலை ஏறியதில்லை. விருந்தாளி வந்தால் எடுப்பதற்காம்.

சித்தாந்தம் வேறு. அம்பாங்வாசிக்கு விதிக்கப்பட்ட தீவு புலாவ் கெத்தாம். இதற்குச் சரித்திர ஹேது ஒன்றுண்டு. 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா ஈயம் தேடி அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றில் எதிரேறி வந்து, கொம்பாக் ஆறு அதனுடன் கலக்குமிடத்தில் படகைவிட்டிறங்கி, காட்டு வழியே அம்பாங் வந்து சேர்ந்தனர். ஒரு மாதத்துக்குள் அவர்களுள் 69 பேரை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆற்றின் மேல்நோக்கி அம்பாங்குக்கு வருவது தேகத்துக்கு ஒவ்வாது என்பது இதனால் பெறப்படும்; அதே வழியில் கீழ்நோக்கி அம்பாங்கைவிட்டுப் போவது ஒவ்வும் என்பது அர்த்தாபத்தி.

போகும் மார்க்கமும் எளிது. எல்.ஆர்.டி.யில் ஏறிப் பண்டாராயாவில் இறங்கி, சற்று நடந்து பேங்க் நெகாராவில் கொமுட்டர் ரயிலைப் பிடித்துவிட்டால், கடைசி நிலையமாகிய போர்ட் கிள்ளான் வரையில் உறங்கலாம்; மணிமேகலையும் உறங்கியபடிதான் போனாள். 1901இல் திறக்கப்பெற்று, 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய அத்துறையில்தான் என் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கினார். அவர் கடலைவிட்டுக் கரைக்கு வந்தார். பேரனோ சம்பளத்தோடு கூடிய விடுப்பில் கரையைவிட்டுக் கடலுக்குப் போகிறான். மூன்று தலைமுறையின் முன்னேற்றம் இவ்வளவே.

நிலையத்துக்கு அருகிலேயே படகுத்துறை. அங்கிருந்து முக்கால் மணிக்குள் தீவு. கெத்தாம் என்பது மலாய் மொழியில் நண்டு. கண்டற்காட்டுச் சேற்றின்மேல் கால்நட்டு எழுப்பிய வீடுகளும், அவற்றை இணைக்கும் குறுகிய பாதைகளும், அப்பாதைகளில் ஓடும் சைக்கிள்களுமே ஊர். மோட்டார் கார் கிடையாது. படியிறங்கிய என் மனைவி நாற்புறமும் நோக்கி, “என்னங்க, தீவுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க, மணலையே காணோம், ஒரே சேறுல்ல?” என்றாள். இது ஆய்வாளன் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஆக்ஷேபம். மணல் உள்ள தீவில் குளிக்க வேண்டும். குளித்தால் உடை மாற்ற வேண்டும். மாற்றிய உடையைப் பிழிந்து காயவைக்க வேண்டும். சேறுள்ள தீவிலோ, நீர் வற்றிய வேளையில் நண்டுகள் வளையைவிட்டு வெளிப்பட்டு ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி இறக்குவதைப் பாலத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு கடமை இல்லை.

யவன தேசத்து வழக்கும் இதுவே. ஏதென்ஸ் நகரத்தார் கூட்டம் மிகுந்த தீவுகளைப் பிறர்க்கு விட்டுவிட்டு, பிரேயஸ் துறையில் படகேறி ஹைட்ரா என்னும் தீவுக்குப் போவதுண்டு. கார்கள் விலக்கப்பட்ட அத்தீவில் பிரயாணிகளின் மூட்டை முடிச்சுகளைக் கழுதைகள் சுமக்கின்றன. கெத்தாமில் கழுதை இல்லாத குறையைக் குடும்பத் தலைவர்களே நிவர்த்தி செய்துவிடுகிறார்கள்.

இனி, அமைதி என்பது யாது? ஓசையின்மை அன்று, மீன்பிடிப் படகுகளின் இயந்திரம் அங்கே வேண்டிய மட்டும் இரைகிறது. பின்னால் சத்தமின்றி வந்து மணியடிக்கும் மின்சார சைக்கிளோ, நெஞ்சுத் துடிப்புள்ளவர்க்கு ஆகாது. அடியேன் கண்டவரையில், அமைதியின் காரணம் பாதை முடிந்துபோவதே. அம்பாங்கில் எந்தச் சாலையும் முடிவதில்லை. ஒன்றின் கோடியில் மற்றொன்றும், அதன் கோடியில் ஒரு பேரங்காடியும், அங்கே மலிவு விற்பனையும் காத்திருக்கும். எங்கே போவது என்ற விவாதத்திலேயே ஞாயிற்றுக்கிழமை கழியும். கெத்தாமிலோ பாதை பத்து நிமிஷத்தில் கடலிடம் போய் நிற்கிறது. அதற்குமேல் யோசனை சொல்ல மைத்துனராலும் இயலாது. அன்று நாங்கள் பலகையில் அமர்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாதிருந்தோம். கல்யாணமான நாள்முதல் இது நடந்ததாக எனக்கு நினைவில்லை.

மாலைப் படகேறுமுன் என் மனைவி மரபு வழுவாது கடைகளில் பாத்திரம் தேடினாள். கிடைத்தது ஒரு பொட்டலம் உலர்ந்த இறால். மணிமேகலை கொணர்ந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது என்பர்; எங்கள் பொட்டலம் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிட்டது.