கழன்றது ஸ்டியரிங் மட்டும்தானே?

பழைய வண்டிக்காரர்களின் கடிதங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டதால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. காதல், ஜாதகம், மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

கேள்வி: என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி 800. ஸ்டியரிங் வீலின் விளிம்பு வெடித்து, திருப்பும்போதெல்லாம் உள்ளங்கையைக் கீறுகிறது. "புது வீல் போட்டா வண்டி விலையைத் தாண்டிடும்" என்கிறாள் மனைவி. பழையது எங்கே கிடைக்கும்?
- 800-ஐ விட மனமில்லாதவர், தாம்பரம்

பதில்: உங்கள் மனைவி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். ரொம்பக் கூட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

1983 டிசம்பரில் முதல் வண்டி வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடையில் இந்த நாட்டில் விற்றவை 25 லட்சத்துக்கும் மேல். அத்தனை வண்டியும் இப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஓடாதவற்றில் கணிசமானவை எங்கே போயின என்று தெரிய வேண்டுமானால், எழும்பூரில் இறங்கிக் கூவத்தின் வாசம் வரும் திசையில் நடங்கள். ஆதித்தனார் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் சேர்ந்த புதுப்பேட்டை வந்துவிடும். சுவரெல்லாம் பம்பர், நடைபாதையெல்லாம் கதவு, தலைக்கு மேலே சைலன்சர். ஒரே கடையில் எல்லாம் இருக்காது. ஒருவர் ஹெட்லைட் மட்டும் விற்பார், ஒருவர் கதவு மட்டும், இன்னொருவர் டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும். முதல் கடையில் இல்லையென்றால் அவரே பையனை அனுப்பி நான்காவது கடையிலிருந்து வரவழைப்பார். அப்போது விலையில் அந்தப் பையனின் நடைக்கூலியும் சேரும். ஆகவே நீங்களே நடப்பது நல்லது, உடம்புக்கும்.

போகும்போது உங்கள் பழைய வீலைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே 800-இலேயே வருடத்துக்கு வருடம் வீலின் முகம் மாறியிருக்கிறது. முகம்கூடப் பரவாயில்லை, நடுத்துளையில் உள்ள பல் முக்கியம். ஸ்டியரிங் ராடின் முனையில் வெட்டியிருக்கும் பல்லும் வீலின் உள்பல்லும் ஒன்றோடொன்று கவ்வித்தான் வண்டி திரும்புகிறது. "ஆல்டோவோடது அப்படியே உக்காரும் சார்" என்று கடைக்காரர் சத்தியமே செய்தாலும், இரண்டு வீலையும் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணுங்கள். துளையின் விட்டம், உள்சரிவு, இண்டிகேட்டரைத் திரும்ப விடுவிக்கும் பின்பக்கக் காது, ஹாரன் வயர் வரும் இடம், நான்கையும் ஒப்பிடுங்கள். எண்ணிக் கொடுத்தால் கடைக்காரருக்குக் கோபம் வராது, உங்களைப் பற்றிய மதிப்புதான் கூடும். மதிப்புக் கூடினால் விலை தானாகக் கொஞ்சம் குறையும்.

ஒரு சிக்கல் உண்டு. வீலைக் கழற்றிவிட்டால் காரில் போக முடியாது. மாநகர பஸ்ஸில் ஸ்டியரிங் வீலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் டிரைவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பையில் போட்டு எடுத்துச் செல்லவும்.

விலை? புது வீலின் விலையை முதலில் போனில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் "யோசிச்சு வரேன்" என்று நடக்க ஆரம்பியுங்கள். அவர் கூப்பிட்டால் பேரம் படிந்தது. கூப்பிடாவிட்டால் அவர் சொன்னதுதான் சரியான விலை.

கேள்வி: வீலை நானே கழற்றப் பார்க்கிறேன். நட்டைக் கழற்றிவிட்டேன், வீல் அசைய மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?
- சுத்தியலோடு காத்திருப்பவர், திருச்சி

பதில்: சுத்தியலைக் கீழே வையுங்கள், பிறகு படியுங்கள்.

விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் மடங்கிக் குறுகும்படி செய்த ஸ்டியரிங் ராடு பல வண்டிகளில் உண்டு. அந்த மடங்கலைப் பிடித்து வைத்திருப்பது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் ஊசிகள்தான். நீங்கள் ராடின் தலையில் அடிக்கிற அடியை அவை விபத்து என்றே எடுத்துக்கொள்ளும்.

முதலில் பேட்டரி வயரை விடுவியுங்கள். சக்கரங்கள் நேராக இருக்கட்டும். ராடிலும் வீலிலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் புள்ளி வையுங்கள். இப்போது கழற்றிய நட்டைத் திரும்ப எடுத்து இரண்டு மூன்று சுற்று மட்டும் மாட்டுங்கள். பிறகு வீலை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்து இழுங்கள். நட்டு ஏன் என்கிறீர்களா? இத்தனை நாள் பிடிவாதம் பிடித்த வீல் திடீரென்று விடுபட்டால் நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும். நட்டு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அப்படியும் வராவிட்டால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் புல்லர் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் இரவல் கிடைக்கும்.

கேள்வி: இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது. வேறு ஸ்டியரிங் வாங்க வேண்டுமா?
- ஒலிப்பெருக்கியார், வேலூர்

பதில்: வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் வீலின் அடியில் ஒரு பித்தளை வளையமும், அதன் மேல் உரசிக்கொண்டு ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு முனையும் இருக்கும். நீங்கள் ஹாரனை அழுத்தினால் அந்த வழியாக எர்த் கிடைத்துச் சத்தம் வரும். முனை தேய்ந்தோ, வயரின் தோல் உரிந்தோ போனால், நீங்கள் அழுத்தாமலேயே எர்த் கிடைக்கும். அந்தச் சின்ன முனையும் ஹாரன் பேடும் காயலான் கடையில் வாங்கத் தகுந்த சாமான்கள். ஹாரனே அடிக்காவிட்டாலும் முதல் சந்தேகம் அங்கேதான். வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டுகிறவர் என்றால், தானாக அடிப்பதை இத்தனை நாள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: தாத்தாவின் அம்பாசடர் வீட்டில் நிற்கிறது. ஸ்டியரிங் வீல் முழுக்க விரிசல். அசல் வீல் வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம்.
- பேரன், மதுரை

பதில்: அப்பாவின் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. மற்ற எந்தச் சாமானை மாற்றினாலும் தெரியாது, தாத்தா பிடித்த வளையத்தை மாற்றினால் தெரியும். ஆகவே முதலில் வாங்காமல் முடிக்கப் பாருங்கள். அந்தக் காலத்து வீலின் உள்ளே இரும்புக் கம்பி, மேலே கெட்டிப் பிளாஸ்டிக். வெயிலில் கம்பி ஒரு அளவு விரியும், பிளாஸ்டிக் வேறொரு அளவு விரியும். வருடக்கணக்கில் நடக்கும் இந்த மனஸ்தாபம்தான் விரிசல். விரிசலை 'வி' வடிவத்தில் கீறி அகலப்படுத்தி, தூசி போகத் துடைத்து, எம்-சீல் மாதிரியான எபாக்ஸியை அழுத்தி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடித்தால் தாத்தாவே ஏமாறுவார். உள்ளே கம்பி துருவேறிச் சன்னமாகியிருந்தால் மட்டும் இந்த வைத்தியம் கூடாது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், எந்த அம்பாசடர் என்று சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்த வண்டி அது. மார்க் 1, 2, 3, 4, நோவா, பிறகு இசுஸு எஞ்சின் வைத்தது என்று பரம்பரை நீளும். கியர் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருந்த வண்டிக்கும், கியர் தரைக்கு வந்துவிட்ட பிற்கால வண்டிக்கும் ராடும் சுவிட்சும் வேறு. கல்கத்தாவில் மஞ்சள் டாக்சியாக ஓடி ஓய்ந்தவை ஏராளம் என்பதால், அந்த ஊர் மல்லிக் பஜாரில் அம்பாசடர் சாமான்கள் புழங்குகின்றன. ஊரிலிருந்து யாராவது கல்கத்தா போனால் ரசகுல்லாவோடு இதையும் சொல்லி விடுங்கள்.

கேள்வி: சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். புதுப்பேட்டையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.
- வண்டலூர் வாரிசு, சென்னை

பதில்: பெற்ற ஊரே கைவிட்ட பிள்ளை. அது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. அங்கே அந்த வண்டியைப் பிள்ளையாய் வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சாமான்களும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அளவும் படமும் அனுப்பிக் கேளுங்கள். சுங்கவரி கட்டும்போது புதுப்பேட்டைக்காரர் ஏன் சிரித்தார் என்று புரியும்.

கேள்வி: வண்டி மோதி ஏர்பேக் விரிந்துவிட்டது. ஏர்பேக்கோடு சேர்த்தே பழைய ஸ்டியரிங் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிவிடவா?
- அவசரக்காரர், கோவை

பதில்: இதில் மட்டும் எனக்கு விளையாட்டு இல்லை. வேண்டாம்.

ஏர்பேக் என்பது மடித்து வைத்த பை மட்டுமல்ல. அதன் பின்னால் வெடித்து வாயுவைக் கக்கும் ரசாயனம் இருக்கிறது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடித்துத் துண்டுகளை ஓட்டுநர் மேல் வீசியது. பலர் இறந்தார்கள். 2017-இல் நிறுவனம் திவாலானது. வெப்பம், ஈரப்பதம் இரண்டும் நம் ஊரில் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காயலான் கடையில் வெயிலிலும் மழையிலும் எத்தனை வருடம் கிடந்தது, எந்த வண்டியிலிருந்து வந்தது, மழைநீரில் மூழ்கிய வண்டியா, எதற்கும் பதில் கிடைக்காது. உள்ளே ஏர்பேக்கே இல்லாமல் மேல்மூடி மட்டும் ஒட்டி விற்பதும் நடக்கிறது.

வீலைப் பழசாக வாங்குங்கள், ஏர்பேக்கைக் கம்பெனியில் புதுசாகப் போடுங்கள். வீலுக்கு அடியில் சுருள் நாடா ஒன்று இருக்கும். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரன்ட் போவது அதன் வழியாகத்தான். அது இந்தப் பக்கம் இத்தனை சுற்று, அந்தப் பக்கம் இத்தனை சுற்று என்று கணக்காகச் சுழலும். நடுவில் நிறுத்தாமல் மாட்டினால் முதல் யூ டர்னிலேயே அறுந்துவிடும். ஆகவே தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். கடைசியில் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்.

கேள்வி: டை ராடு எண்டு, ஸ்டியரிங் கிராஸ், ரேக் இதெல்லாமும் பழசில் வாங்கலாமா? பாதி விலைதானே.
- கணக்குப்பிள்ளை, சிவகாசி

பதில்: வீல், பேடு, மேல்மூடி, காம்பினேஷன் சுவிட்ச் இவையெல்லாம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியும். வண்டி ஓரமாக நிற்கும், நீங்களும் உயிரோடு நிற்பீர்கள். டை ராடு எண்டு உள்ளுக்குள் தேய்ந்து, ஒரு நாள் நெடுஞ்சாலையில் கழன்றால் சக்கரம் ஒரு திசையிலும் நீங்கள் ஒரு திசையிலும் போவீர்கள். இவை புதிதாகவே வாங்கத் தக்க விலையில்தான் இருக்கின்றன. ரானே மாதிரி நம்மூர் நிறுவனங்களே தலைமுறைகளாகச் செய்கின்றன. ரேக் மட்டும் விலை கூடுதல். அதற்குப் புஷ் மாற்றிச் சீர்செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பில்லும் உத்தரவாதமும் தந்தால் வாங்கலாம்.

கேள்வி: பழைய வீல் விபத்தில் செத்தவர் வண்டியோடதாக இருந்தால்? ராசி பார்க்க வேண்டாமா?
- எலுமிச்சம்பழம், கும்பகோணம்

பதில்: ராசி தெரியாது, வளைவு தெரியும். மோதலில் ஓட்டுநரின் நெஞ்சு இடித்த வீல் லேசாக மடங்கியிருக்கும். கடைக்காரரின் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எழும்பி ஆடினால் வேண்டாம். ஆடாவிட்டால், எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு வாங்கி வாருங்கள்.

கேள்வி: வாங்கும் சாமான் திருட்டு வண்டியோடதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- நேர்மையாளர், செங்கல்பட்டு

பதில்: காலையில் தொலைந்த வண்டியை மாலையில் புதுப்பேட்டையில் துண்டுதுண்டாகத் திரும்ப வாங்கலாம் என்று சென்னையில் நெடுங்காலமாக ஒரு கிண்டல் உண்டு. அங்கே யோக்கியமாகப் பிழைக்கும் நூற்றுக்கணக்கான கடைக்காரர்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது. பில் கேளுங்கள். தருகிறவரிடம் வாங்குங்கள். பில் என்றதும் முகம் மாறுகிறவர், நம்ப முடியாத மலிவு விலை சொல்கிறவர், சாவியோடு புத்தம்புது லாக் செட் காட்டுகிறவர், மூவரிடமிருந்தும் நகர்ந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு காத்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. அங்கே ஓட்ட வண்டி தர மாட்டார்கள்.

கேள்வி: என் பையன் பழைய பெரிய வீலை எடுத்துவிட்டுச் சின்ன ரேஸ் வீல் போட வேண்டும் என்கிறான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி.
- அம்மா, ஈரோடு

பதில்: தாராளமாகப் போடட்டும்மா. 16 அங்குல வீலை 13 அங்குலமாக்கினால் திருப்ப ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் பலம் வேண்டும். சந்தைக்குள் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும் வேலையை ஒரு வாரம் அவனிடமே கொடுங்கள். ஜிம்முக்குக் கட்டும் பணம் மிச்சம்.

கேள்வி: வாங்கிய வீல் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக நிற்கிறது. "தலையைச் சாய்ச்சு ஓட்டு, சரியாத் தெரியும்" என்கிறார் என் வீட்டுக்காரர்.
- கழுத்து வலிக்காரி, நாகர்கோவில்

பதில்: அவர் கையில் நட்டைக் கழற்றும் ஸ்பேனரைக் கொடுங்கள். பெயின்ட் புள்ளி வைக்காமல் மாட்டியிருக்கிறார், பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி கோணல். வீலைத் தூக்கி ஒரு பல் தள்ளி வைத்தால் சரியாகும். கோணல் ஒரு பல்லுக்கும் குறைவு என்றால் வீலைத் தொடாதீர்கள், அலைன்மென்ட் கடையில் இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருப்பி நேர் செய்வார்கள். அது முடிகிறவரை, தலையைச் சாய்த்து ஓட்டும் பொறுப்பு அவருடையதாகவே இருக்கட்டும்.