லேது, காது, வத்து, பிறகு கிளிங்கான்

1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, நாங்கள் திரும்பவில்லை. அதனால் எங்கள் வீட்டில் சமையலறைக்குத் தமிழ், வாசலுக்குத் தெலுங்கு.

வாசலைத் தாண்டினால் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. சரக்கு இல்லையென்றால் லேது. கேட்டது இதுவல்ல என்றால் காது. கொடுத்தாலும் வேண்டாமென்றால் வத்து. சென்னைச் சித்தப்பா எல்லாவற்றுக்கும் லேதுதான் போடுவார். திருப்பதியில் ஓர் ஆட்டோக்காரர் மரியாதையாக, "மீரு டாக்டரா?" என்று கேட்க, இவர் "டாக்டர் லேது" என்றார். பாவம், டாக்டர் கிடைக்காத நோயாளி போலிருக்கிறது என்று அந்த மனிதர் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட்டார்.

அக்கா மகன் இப்போது கிளிங்கான் படிக்கிறான். 1984-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் உருவாக்கிய வேற்றுக்கிரக மொழி அது. அகராதி அடுத்த வருஷமே வந்துவிட்டது. "மாமா, எதிர்மறைக்கு 'பெ'ன்னு ஒண்ணு, 'கோ'ன்னு ஒண்ணு. எதை எங்க போடறதுன்னே புரியல" என்றான். அந்தக் 'கோ'வைத் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ் வழியாகப் போனால் குழப்பம்தான். தமிழில் யோசிடா என்றேன். சாப்பிடவில்லை என்றால் பெ. சாப்பிட மாட்டேன், சாப்பிடாதே இரண்டுக்கும் கோ. முதலாவது வெறும் தகவல், மற்றது முரண்டு. மூன்று வயதிலேயே தட்டைத் தள்ளி இந்த இலக்கணத்தை நடத்திக் காட்டியவன் அவன்.

பயிற்சிக்குத் திருப்பதி லட்டு. கவுண்டரில் லட்டு தீர்ந்துவிட்டதா, 'துலுபெ'. கையில் இருப்பது லட்டு அல்ல, வடையா, 'ஓஹ்பெ'. விகுதி ஒன்றேதான், ஆனால் முன்னால் வருவது மாறிவிடுகிறது. லேதுவும் காதுவும் வேற்றுக்கிரகத்திலும் தனித்தனியாகத்தான் குடியிருக்கின்றன! போதாததற்கு, பெ இடம் மாறினால் பொருளும் மாறும். ஓரிடத்தில் வைத்தால் 'என்னைக் கொல்ல நீ பயப்படவில்லை', இன்னோரிடத்தில் வைத்தால் 'என்னைக் கொல்லாமல் விட நீ பயப்படுகிறாய்'. அந்த ஊரில் இதெல்லாம் திண்ணைப் பேச்சு போலும்.

மூன்றாவதாக 'ஹா' என்றொரு விகுதி உண்டு. நடந்ததைக் கலைத்துப் போடுவது அதன் வேலை. 'பர்' என்றால் பிடிக்கவில்லை, 'பர்ஹா' என்றால் பிடித்திருக்கிறது. பிடித்ததை நேராகச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் பாராட்டின் உச்சம் தமிழில் 'பரவாயில்லை', தெலுங்கில் 'பர்வாலேது'. என் அம்மா மருமகளின் ரசத்தை ஒரே ஒரு தடவை 'பர்வாலேது' என்றிருக்கிறாள். மனைவி அன்றைக்கே தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள்.